மயிலையின் கழுத்து மணி

14.9.2003, ஞாயிறு

பரவைச் சந்தையில் வைக்கோல் விலையைக் கேட்டதும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டேன். இரண்டு வருஷமாக மழை இல்லை. என் இருபத்திரண்டு மலைமாடுகளுக்கும் விலா எலும்பு தெரிகிறது. மயிலைக்குக் கண்ணும் குழி விழுந்துவிட்டது. அவள்தான் முன்னே போகிற மாடு. அவள் மணிச் சத்தம் போகிற பக்கம்தான் மற்றவை போகும்.

"வடக்குச் சரிவுல அம்புட்டுப் புல்லு நிக்கிதாமுல்ல?" என்றாள் என் மனைவி ரோகிணி.

மலையை மூன்று பங்காக்கி, வருஷத்துக்கு ஒரு பங்கில் மாடே படக்கூடாது என்று மேய்ச்சல் சங்கத்தில் முடிவெடுத்தோம். புல் தழைக்கட்டும், மண் நிற்கட்டும் என்றுதான். இந்த வருஷம் வடக்குச் சரிவுக்குக் காப்பு. பாதையின் குறுக்கே வைக்கோலை முறுக்கிய பிரிக்கயிறும் வேப்பங்குலையும் கட்டியிருக்கிறது. கூட்டத்தில் முதலில் கை தூக்கியவன் நான்தான்.

19.9.2003

செவலையின் கன்று செத்துவிட்டது. தாயிடம் பால் இல்லை. இருபத்திரண்டு இப்போது இருபத்தொன்று.

22.9.2003, திங்கள்

செய்துவிட்டேன். மானங்கெட்டவன்.

என் பழைய பச்சைக் கட்டம்போட்ட கைலியைக் கிழித்து, மணி கட்டிய நான்கு மாடுகளுக்கும் மணிக்குள் திணித்தேன். நாக்கு அசையாதபடி இறுக்கித் திணித்தேன். காவலுக்கு இருக்கும் சீனியம்மாளக்கா மதியச் சாப்பாட்டுக்கு இறங்கியதும், பிரியைக் கம்பால் தூக்கிப் பிடித்து மாடுகளை அடியில் நுழையவிட்டேன். பிரி அறவில்லை. ஒரு குலைகூட உதிரவில்லை.

மயிலை மட்டும் பிரிக்கு முன்னால் நின்றுவிட்டாள். அடித்தேன். பிறகுதான் நுழைந்தாள். எட்டு வருஷத்தில் அவளை அடித்தது இன்றுதான்.

உள்ளே புல் தொடை உயரம் நிற்கிறது. ஆனால் ஒரு வெட்டுக்கிளி தாவவில்லை, ஒரு குருவி கத்தவில்லை. இருபத்தோரு மாடும் வாலைக்கூட ஆட்டாமல், சரிவின் அடியில் வறண்டு கிடந்த ஓடையைப் பார்த்தே நின்று மேய்ந்தன. மணிச் சத்தம் இல்லாத மந்தையை நான் இதற்குமுன் பார்த்ததில்லை. என் மாடுகள்தானா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

26.9.2003

இன்று ஓடைக்குள்ளிருந்து ஒரு மணி கேட்டது.

வேறு எவனோ திருட்டு மேய்ச்சல் மேய்க்கிறான் என்று எட்டிப் பார்த்தேன். ஓடையில் ஈ காக்கை இல்லை. காய்ந்த மணலில் ஒரு குளம்புத் தடம்கூட இல்லை. திரும்பி வந்து நான்கு மணிகளையும் தொட்டுப் பார்த்தேன். துணி அப்படியே இருந்தது.

காற்றாக இருக்கும். காற்றுக்கு நாக்கா இருக்கிறது?

4.10.2003, சனி

முத்திருளன் வந்திருந்தான். ரோகிணியின் தம்பி. ஒன்பது மாடு வைத்திருக்கிறான். "என்ன மச்சான், உன் மாடு மட்டும் மினுமினுன்னு இருக்கு? எங்களுக்கும் அந்த வித்தையச் சொல்றது!"

"எல்லாம் உன் அக்கா கைராசி மாப்ள" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான். நான் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தேன்.

9.10.2003, வியாழன்

எழுதியே ஆகவேண்டும்.

சீனியம்மாளக்கா காவலுக்கு வருமுன் காலையிலேயே மாடுகளைப் பிரிக்கு உள்ளே விட்டுவிட்டு, ரோகிணியை மேலூர் பஸ் ஏற்ற மாட்டுத்தாவணிக்குப் போனேன். திரும்பி வரும்போது மலைக்கு மேல் வானம் கன்றிப்போய்க் கிடந்தது. ஒரு மணி நேரம்தான் பெய்திருக்கும். இரண்டு வருஷத்து மழை ஒரே மூச்சில் கொட்டியதுபோல் இருந்தது.

என் மாடுகளைத் தெற்குச் சரிவில் காணோம் என்று முத்திருளன் தேடிப் போயிருக்கிறான். இருட்டுவதற்குள் ஓடையிலிருந்து அவனைத் தூக்கி வந்தார்கள். உயிர் இருக்கிறது. ஏழு மாடுகளைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. அதில் மயிலையும் ஒன்று.

11.10.2003, சனி

பெரியாஸ்பத்திரி. முத்திருளனுக்கு வலது காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு.

"மயிலை மணிதான் மச்சான்" என்றான். "ஓடைக்குள்ள டங்கு டங்குன்னு கேட்டுச்சு. அதை நம்பித்தான் எறங்குனேன். தண்ணி வந்ததே தெரியல."

துணி அடைத்த மணி எப்படியடா அடிக்கும்?

ஊரில் வேறு பேச்சு. பிரிக்கு உள்ளே கிடந்தவன் முத்திருளன், ஆகவே நான் ஊரில் இல்லாத நேரத்தில் என் மாடுகளை அங்கே ஓட்டியதும் அவன்தானாம். சங்கத் தலைவியான சீனியம்மாளக்கா கோபத்தில் கொதித்தாள். "கால் தேறி வரட்டும். ஆனா அவன் மாடு இனி இந்த மலை ஏறாது. என்னப்பா செல்வக்குமாரு, நாஞ் சொல்றது?"

"ம்" என்றேன்.

அந்த ஒரு எழுத்தை எப்படிச் சொன்னேன்? மலை இல்லாமல் அவன் ஒன்பது மாட்டை எங்கே மேய்ப்பான்? கசாப்புக்குத்தான் கொடுக்கவேண்டும்.

13.10.2003

ஓடையைப் பிடித்துக் கீழே நடந்தேன். சரிவில் மாடு மிதிக்காத இடமெல்லாம் புல் மண்ணை விடாமல் பிடித்து நிற்கிறது. இரண்டரை வாரமாக நான் ஓட்டிப்போன தடத்தில்தான் தண்ணீர் அறுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறது. ஒற்றையடித் தடம் ஆளுயரப் பள்ளமாகிவிட்டது.

கண்மாய் முகத்தில் கருவேல முள்ளில் மயிலை சிக்கிக் கிடந்தாள். கழுத்தில் மணி இருந்தது. மணிக்குள் பச்சைத் துணி, நான் திணித்தபடியே. ஈரத்தில் ஊறி இன்னும் இறுகியிருந்தது. விரலால் நெம்பினேன், நாக்கு இம்மியும் அசையவில்லை.

மணியைக் கழற்றி வந்து தவிட்டுப் பானைக்குள் புதைத்துவைத்தேன்.

17.10.2003, வெள்ளி

பட்டப்பகல். ரோகிணி அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"என்னங்க, மயிலை மணி மாதிரி கேக்குதுல்ல?"

எனக்கும் கேட்டது. வீட்டுக்குள்ளேதான் கேட்டது. "எனக்கு ஒண்ணும் கேக்கலயே" என்றேன். அவள் வெளியே போனதும் தவிட்டைக் கிளறினேன். துணி இறுக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் மணி சுட்டது, வெயிலில் நின்ற மாட்டின் கழுத்திலிருந்து அப்போதுதான் கழற்றியதுபோல.

பயமாக இருக்கிறது. மணியை நினைத்து மட்டுமில்லை. இந்த வாய் இப்படியே மூடிக் கிடந்துவிடுமோ என்றும்தான்.

19.10.2003, ஞாயிறு

சங்கக் கூட்டம். மணியை நடுவில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சீனியம்மாளக்கா துணியை உருவி விரித்துப் பார்த்தாள். "உன் கைலி" என்றாள். அதற்குப் பிறகு என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. என் மாடுகளுக்கு மூன்று வருஷம் மலை கிடையாது. அந்த மூன்று வருஷமும் வடக்குச் சரிவுக்கு நானே காவல். முத்திருளன் மாடுகளுக்குத் தடை இல்லை.

ஆஸ்பத்திரிக்கு ஓடி முத்திருளனிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் மணியை வாங்கி, நாக்கை விரலால் அசைத்துப் பார்த்தான். திட்டுவான், மூஞ்சியில் துப்புவான் என்று நின்றேன்.

"இது அடிக்கவே இல்லையா?" என்றான் மெதுவாக. "அப்ப என்னை எறங்கச் சொன்னது எது மச்சான்?"

8.2.2004, ஞாயிறு

மிஞ்சிய பதினான்கில் பத்தை விற்றாகிவிட்டது. நான்கு மாடு கொட்டிலில் கட்டுத்தீனியில் நிற்கின்றன.

முத்திருளன் இன்றுதான் கம்பை ஊன்றி மலை ஏறினான். அவனுடைய முன்மாட்டின் கழுத்தில் மயிலையின் மணி. அவனே கேட்டு வாங்கிக் கட்டினான். என்னிடம் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கும் முகம் இல்லை.

நான் பிரியருகே காவலில் இருந்தேன். தண்ணீர் அறுத்த பள்ளத்தின் விளிம்பில் புல் முளைவிட்டிருக்கிறது. உச்சிவெயிலில் தெற்கே அவன் மணி கேட்டது. மனசுக்கு நிம்மதியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதே மணி என் பக்கத்து ஓடைக்குள்ளிருந்தும் கேட்டது. மாடு ஒன்று வழிதவறி வந்துவிட்டது என்று என்னையறியாமல் எழுந்து பிரியில் கை வைத்துவிட்டேன்.

அப்போது தெற்கு மேட்டிலிருந்து முத்திருளன் தொண்டை கிழியக் கத்தினான்.

"மச்சான்! என் மாடு ஒம்போதும் இங்கனதான் நிக்கிது! எறங்கிராத!"

நான் இறங்கவில்லை.