நாலு பட்டைத் தண்டு மட்டும் போதாது

அரியாங்குப்பம், புதுச்சேரி

அன்பு லினெட்டுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், நீ அங்கே லியோனில் இருமாமல் தூங்குகிறாய் என்று தெரிந்தால் இன்னும் சுகமாக இருப்போம். நீ அனுப்பிய செடிப் படம் வந்ததுமே பதில் போட்டிருக்க வேண்டும், தாமதமாகிவிட்டது. போனில் சொன்னால் “சரிம்மா சரிம்மா” என்று வேறு வேலை பார்க்கிறாய், அதனால்தான் எழுதுகிறேன், உட்கார்ந்து படி. விடுதிக்குப் பின்னால் முளைத்த செடிக்குத் தண்டு நாலு பட்டை, இலை ஜோடி ஜோடி, கசக்கினால் வாசனை, அதனால் நம் துளசிக் குடும்பம்தான், இருமலுக்குக் காய்ச்சிக் குடிக்கப் போகிறேன் என்கிறாய். குடிக்காதே.

போன ஞாயிறு நான் பூசைக்குப் போயிருந்தபோது உன் அப்பா, அவருக்கும் இருமல், ஆற்றோரம் போய் நாய்த்துளசி என்று ஒரு கட்டு ஒடித்து வந்து அடுப்பில் ஏற்றிவிட்டார். உள்ளே நுழையும்போதே நெடி சரியில்லை. மிச்சக் கிளையைத் தூக்கிப் பார்த்தால் நுனியில் மிளகு மாதிரி சதைக்காய்க் கொத்து. உண்ணிச்செடி! ஆடு தின்றாலே படுத்துவிடும். அப்படியே கால்வாயில் கொட்டினேன். அவர் விடவில்லை, “நீதானே சொன்ன, வெரல்ல உருட்டுனா நாலு பட்ட தட்டுப்படும்னு, உருட்டிப் பாத்துட்டுதான் ஒடிச்சேன்” என்றார். மாவு வாங்க வந்த பக்கத்து வீட்டு துர்கா, “அண்ணன் பாதிப் பாடத்தப் படிச்சிட்டுப் பரீட்சைக்கு வந்துட்டாரு, விடுக்கா” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை பாப்பா, நீயும் அதே பாதியைத்தான் கையில் வைத்திருக்கிறாய்.

தண்டும் இலையும் வேறு குடும்பத்துச் செடிகளுக்கும் அப்படியே இருக்கும். பூவைப் பார்க்க வேண்டும். துளசியோ தும்பையோ எதுவானாலும் பூ மேலுதடு கீழுதடாக வாய் திறந்திருக்கும், பூ உதிர்ந்தபின் அதைத் தாங்கியிருந்த சின்னப் பச்சைக் கிண்ணத்துக்குள் உலர்ந்த விதைதான் இருக்கும், நான்கு, சதைக்காய் வராது. அத்தனையும் பொருந்தினாலும் குடும்பம்தான் தெரியும், அந்தச் செடி குடிக்க ஆகுமா என்று தெரியாது. ஒரே குடும்பம் என்றால் எல்லோருக்கும் ஒரே குணமா, உன் சித்தப்பாவையும் அப்பாவையும் பார். உன் படத்தில் பூவே இல்லை. நான் தாவரவியல் படித்தவள், எனக்கே அதற்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை, பெயர் தெரியாததை என் பிள்ளை வாயில் வைக்க விடமாட்டேன்.

நாளைக்கே டாக்டரிடம் போ. பிரெஞ்சில் சொல்ல வரவில்லை என்று தள்ளிப்போடாதே, எதிரே உட்கார்ந்து இரண்டு தடவை இருமிக் காட்டு, புரிந்துகொள்வார்கள். தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு. மாதா உன் கூடவே இருப்பாள். பறித்து வைத்ததைக் குப்பையில் போட்டுவிட்டு அந்தக் குப்பைத்தொட்டியைப் படம் எடுத்து அனுப்பு, பார்க்காமல் நம்ப மாட்டேன்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா
ஜூலி