எங்கள் வீட்டு உப்புத் தண்ணீர்

ஜூன் 2, திங்கள்

காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. ஷவரைத் திறந்தால் இரண்டே துளையில் தண்ணீர், அதிலும் ஒன்று சுவரில் அடிக்கிறது. மற்றதெல்லாம் உப்பு அடைப்பு. கழற்றிப் பார்த்தேன். உள்ளே சொத்தைப் பல் மாதிரி. காபி வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

அண்ணனூரில் இந்த ஃபிளாட்டுக்கு வந்த நாளாக இதே பாடு. குடிக்க கேன். மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர் என்கிற இந்தச் சனியன். வாளியில் வெள்ளை வளையம், டைல்ஸில் கோடு, குழாய் நுனியில் தாடி. சோப்பு நுரைக்காது. என் தலைமுடி தேங்காய் நார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். மகள் ரம்யா வராததைத்தான் தாங்க முடியவில்லை. போன வாரம் எங்கள் மொட்டை மாடியில் ஷாமியானா போட்டு வளைகாப்பு. வளையல் கையோடு பிறந்த வீட்டில் தங்க வேண்டிய பெண், மாமியாரோடு நசரத்பேட்டைக்கே திரும்பிப் போய்விட்டாள். "உங்க வீட்டுத் தண்ணி ஒத்துக்கலம்மா, உடம்பெல்லாம் அரிக்குது. சரி பண்ணுங்க, வரேன்" என்றாள். தலைப்பிரசவம். எதிர் ஃபிளாட்காரி தினமும் கேட்கிறாள், "இன்னா, பொண்ணு வர்லியா?"

அன்றைக்கு பேசினில் வாந்தி வேறு எடுத்துவிட்டாள். நல்லவேளை, விருந்தாளிகள் பார்ப்பதற்குள் நான் தேய்த்துக் கழுவிவிட்டேன்.

சரி. தண்ணீர்தானே. சரி பண்ணிக் காட்டுகிறேன்.

ஜூன் 3, செவ்வாய்

ஆபீசுக்கு அரை நாள் லீவு. பிளம்பர் செல்வம் வந்து ஹீட்டரைக் கழற்றினான்.

"யக்கா, இங்க வந்து பாரு. காயில் இன்னா கதில கீது."

பார்த்திருக்கக் கூடாது. தண்ணீரைச் சுடவைக்கிற காயில் கம்பியே தெரியவில்லை. மேலே பாறையாக ஏறி, வெடித்து, மஞ்சளும் வெள்ளையுமாக. டேங்கைச் சாய்த்ததும் கஞ்சி மாதிரி ஒரு சேறு கொட்டியது. துரு நாற்றம். இதில்தான் இத்தனை நாள் குளித்தோம். வாய் கொப்பளித்தோம்.

செல்வம் ஒரு செதிலை எடுத்து நொறுக்கிக் காட்டினான். அதே கையால் காபி டம்ளரை வாங்கினான். டம்ளரைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

காயில் புதுசு போட்டாயிற்று. "சூட்ட ஃபுல்லா வெச்சிகினா உப்பு ஜாஸ்தி ஒக்காரும். பாதியில வெய்யி. கொயாய்க்கு ஆசிட் ஊத்துக்கா, ஒரே ஊத்து, பளபளன்னு ஆய்டும்."

ஜூன் 4, புதன்

ஊற்றினேன். புகை. இருமல். கண்ணெல்லாம் எரிச்சல். பேசின் குழாயின் முலாம் உரிந்து கறுப்பும் பித்தளையுமாகப் பல்லிளிக்கிறது. தொடவே கூசுகிறது.

இவர் எட்டிப் பார்த்தார். "முன்னாடி இருந்ததே தேவலாமே" என்றார். அதோடு செய்தித்தாளுக்குத் திரும்பிவிட்டார். இந்த வீட்டில் கண் எனக்கு மட்டும்தான் இருக்கிறது.

மாலை: கடைக்குப் போய் வெள்ளை வினிகர், பேசினுக்குப் புதுக் குழாய். வீட்டில் பழைய டூத்பிரஷ் தேடல். வினிகரை பாலிதீன் பையில் ஊற்றி, ஷவர் தலை முழுகும்படி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருக்கிறேன். வீடு முழுக்கக் கெட்டுப்போன ஊறுகாய் வாடை.

ஜூன் 5, வியாழன்

ஷவரில் எல்லாத் துளையிலும் தண்ணீர். பைக்குள் செதில் செதிலாக மிதந்ததை ஃபிளஷ் பண்ணும்போது கண்ணை மூடிக்கொண்டேன்.

இனிமேல் வீட்டு விதி: குளித்ததும் குழாயைத் துணியால் துடைக்க வேண்டும். ஈரம் காய்ந்தால்தான் உப்பு. இவர் துடைக்க மாட்டார், தெரியும். பின்னாலேயே போய் நான் துடைப்பேன்.

ஜூன் 6, வெள்ளி

காலையில் ஃபிளாட் அசோசியேஷன் கூட்டம். மொட்டை மாடித் தொட்டிக்கு, தண்ணீரின் உப்பை எடுக்கும் சாஃப்ட்னர் போடலாம் என்றேன். செயலாளர் சிரிக்கிறார். "அது கால்சியம் மேடம். எலும்புக்கு நல்லது."

"அப்ப நீங்க ஏன் கேன் தண்ணி குடிக்கிறீங்க?"

அடுத்த கூட்டத்தில் பேசலாமாம். மிக்சரை அள்ளித் தின்றுவிட்டு கையை நாற்காலித் துணியில் துடைக்கிற ஆள். இவர்களோடு மல்லுக்கட்ட முடியாது. சாயங்காலமே குளியலறைக்கு மட்டும் சின்ன சாஃப்ட்னர் வாங்கி செல்வத்தை வைத்து மாட்டிவிட்டேன். அவ்வப்போது கல்லுப்புக் கரைசல் விட்டு அலச வேண்டுமாம். உப்பை எடுக்க உப்பு!

ஆனால் நுரைத்தது. சோப்பு கையில் வழுக்கி விழும் அளவுக்கு நுரை. நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். உடனே ரம்யாவுக்கு போன்.

"நல்லா நுரைக்குதுடி. வா."

"பாக்கலாம்மா."

அவ்வளவுதான். குரலில் ஒரு சந்தோஷமும் இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

எலுமிச்சை சாதம், வடகம் எடுத்துக்கொண்டு நசரத்பேட்டை. பூந்தமல்லி பஸ்ஸில் பக்கத்து ஆள் மேல் வியர்வை வாடை, வழி முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டு.

சம்பந்தியம்மா கைகழுவச் சொன்னார். குளியலறைக்குப் போனேன்.

குழாய் நுனியில் வெள்ளை. எங்கள் வீட்டைவிடக் கனம். வாளி விளிம்பில் விரலை வைத்தால் சொரசொர. சுவரில் கோடு கோடாக. கொடியில் ரம்யாவின் துண்டு, ஈரம் காயாமல். இந்தத் தண்ணீரில்தான் தினமும் குளிக்கிறாள். அவள் கையைப் பார்த்தேன். ஒரு அரிப்பும் இல்லை, வளையல்தான் நிறைய.

அறைக்குள் தனியாக இருந்தபோது கேட்டேன். "இங்கயும் உப்புத் தண்ணிதானே?"

எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். பிறகு, "தண்ணி இல்லம்மா. உன் மூஞ்சி."

"என் மூஞ்சிக்கு என்ன?"

"எதப் பாத்தாலும் சுளிப்ப. வளைகாப்பு அன்னிக்கு வாந்தி எடுத்து தலை சுத்தி நிக்கறேன். நீ பேசினத் தேய்க்கிற. அத்தைதான் என்னைப் பிடிச்சாங்க. நாளைக்கு குழந்தை பொறந்தா பீ, மூத்திரம், பால் கக்கறது, என் ரத்தத் துணி. எல்லாத்துக்கும் நீ சீன்னுவ. அத என்னால பாத்துட்டு இருக்க முடியாது."

சாதத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன். சாப்பிடவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

புழுக்கம். இரண்டு நாளாக எதையும் துடைக்கவில்லை. கிடக்கட்டும்.

முகம் சுளிக்கிறேனாம். யாருக்காகத் தேய்த்தேன்? அத்தனை பேர் நடுவில் அவள் மானம் போகக் கூடாதென்றுதானே. கோபம் கோபமாக வருகிறது. அழுகையும்.

அந்த நிமிஷத்தை எத்தனை தடவை நினைத்தாலும் பேசின்தான் ஞாபகம் வருகிறது. அவள் முகம் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. நான் பார்க்கவே இல்லை.

சாயங்காலம் போன் பண்ணினேன். வீட்டுக்குப் பின்னால் மின்சார ரயில் ஷெட்டுக்குள் போகும் சத்தம், கத்திப் பேச வேண்டியிருந்தது.

"வா. ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"வாய மூடிப்ப. மூஞ்சிய என்ன பண்ணுவ?"

"நீ பாக்காத."

சிரித்தாளா தெரியவில்லை. "ரெண்டு நாள் இருந்து பாக்கறேன். சரிப்படலன்னா போயிடுவேன். அப்புறம் கூப்பிடாத" என்றாள்.

ஜூன் 13, வெள்ளி

மாப்பிள்ளை ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார். ஒரே ஒரு பை. கால் வீங்கியிருக்கிறது. குளித்துவிட்டு வந்து, "நல்லாத்தான் நுரைக்குது" என்றாள். குழாயைத் துடைக்கவில்லை. நானும் போய்த் துடைக்கவில்லை. கை பரபரத்தது.

மத்தியானம் ரசம் சாதம். பாதியில் எழுந்து பேசினுக்கு ஓடினாள். பின்னாலேயே ஓடினேன். குழாயைத் திறக்கக் கை போனது. இழுத்துக்கொண்டேன். ஒரு கையால் நெற்றி, ஒரு கையால் முதுகு. ரசமும் புளிப்புமாக அந்த வாடை, என் கையிலும் தெறித்தது. முகம் தானாகச் சுளித்தது. ஒவ்வொரு ஓங்கரிப்புக்கும் அவள் முதுகெலும்பு என் உள்ளங்கையில் ஏறி இறங்கியது. விடவில்லை.

அடங்கியதும் தலையைத் தூக்கினாள். நேராகக் கண்ணாடியில் என் முகத்தைத் தேடினாள்.

நாலைந்து நாளாகத் துடைக்காத கண்ணாடி. முழுக்க உப்புப் புள்ளி. ஒன்றும் தெரிந்திருக்காது.