சிவம்மா எடுத்து வந்த நாரைக்குஞ்சு

செவ்வாய்க்கிழமை, இரவு

கெலமங்கலம் பக்கத்து ஏரியில் இன்றும் நாரைகள் செத்துக் கிடந்தன. பறவைக் காய்ச்சலா என்று பார்க்க, முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு அவற்றின் தொண்டையிலிருந்து மாதிரி எடுத்தேன். கரையோர வீட்டுச் சிவம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். பறவை எதையும் தொடாதீர்கள் என்றேன். அவள் முகம் மாறியது.

"நேத்தே ஒண்ணு எடுத்தாந்துட்டேன் மேடம். மரத்துலேர்ந்து விழுந்துச்சு, பச்சக் குஞ்சு. வாயில மீன் வெச்சா தின்னுச்சு."

வீட்டுக்குள் கூடையில், அவளுடைய பழைய சேலைமேல் குஞ்சு கிடந்தது. கழுத்து ஒரு பக்கமாகத் திருகியிருந்தது. கூடையைச் சுற்றி அவளுடைய கோழிகள் மேய்ந்தன.

"இத நான் கொண்டுபோகணும்மா. நீங்க யாரோடயும் சேராம வீட்டுலயே இருங்க."

"அப்ப என் கோழிங்கள என்ன செய்வீங்க?"

"ரிசல்ட் வரட்டும்" என்றேன். காய்ச்சல் உறுதியானால் அவற்றையும் கொன்று புதைக்க வேண்டியிருக்கும் என்பதைச் சொல்லவில்லை.

கூடையோடு தூக்கிக் கொடுத்தாள். "பசிச்சா கத்தும். சின்ன மீனாப் போடுங்க."

ஏரி கண்ணுக்கு மறைந்ததும் ஜீப்பை நிறுத்தி, குஞ்சை ஊசி போட்டுக் கொன்றேன். அது பிழைத்திருக்காது, விட்டு வைக்கவும் கூடாது.

சாயங்காலம் சிவம்மாவுக்குப் போன் செய்து காய்ச்சல் உண்டா என்று கேட்டேன். "லேசா உடம்பு காயுது. வெயில்ல நின்னது" என்றாள். உடனே ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். இப்போது ஓசூரில், ஆஸ்பத்திரித் தனி அறையில் இருக்கிறாள். அங்கிருந்து அவளே கூப்பிட்டாள்.

"குஞ்சு ஏதாச்சும் தின்னுச்சா மேடம்?"

தின்றது என்று சொல்லிவிட்டேன்.