ஊசிக்கு முன் விரதம்

கிள்ளான்
3 மார்ச் 2025

அன்பு நண்பன் மாரிஸுக்குப் பரமேஸ்வரன் எழுதுவது.

நீயும் எவலினும் சுகமாக இருக்க வேண்டும். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. டிசம்பரில் வந்த பக்கவாதத்துக்குப் பிறகு என் பேச்சு குழறுகிறது. போனில் அந்தக் குரலை நீ கேட்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் தட்டினால் என் மகள் வாணி படித்துவிடுகிறாள். இது அவளுக்குத் தெரியக் கூடாத விஷயம்.

இடது கை இன்னும் சரியாக எழும்பவில்லை. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிறார்கள். அதோடு அக்குபங்சரும் பார்க்கலாம் என்று வாணி இங்கே சீன வைத்தியம் பார்க்கும் ஒரு சின்சேயிடம் பெயர் கொடுத்துவிட்டாள். மார்ச் 21, வெள்ளிக்கிழமை. "ஊசியெல்லாம் உங்களுக்கு ஒரு விஷயமாப்பா? பன்னெண்டு வருஷம் அலகு குத்துன ஆளு லா நீங்க," என்று தாமானில் வீடு வீடாகப் போய்ப் பெருமை பேசிக்கொண்டு திரிகிறாள்.

மாரிஸ், எனக்குப் பயமாக இருக்கிறது. பத்துமலையில் முதுகு நிறையக் கொக்கியோடு நான் நடந்தபோது, உட்கார முக்காலி தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தவன் நீ. அப்போது எனக்குத் துளி பயம் இருந்ததா? இப்போது ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே உள்ளங்கை வியர்க்கிறது. ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது பாதி உடம்பு சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. மீதியையும் யாராவது தொட்டுக் கெடுத்துவிடுவார்களோ என்று நடுங்குகிறேன்.

நீ போன வருஷம் முதுகுவலிக்கு அங்கே பிரிக்பீல்ட்ஸில் ஊசி போட்டுக்கொண்டவன். என்ன செய்வார்கள், எப்படி வலிக்கும்? உள்ளதை உள்ளபடி எழுது.

உன்
பரமு


பிரிக்பீல்ட்ஸ்
7 மார்ச் 2025

டேய் பரமு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் எவலினுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கோபம்தான் வந்தது. மூன்று மாதமாக நான் அடித்த போனையெல்லாம் எடுக்காமல் இருந்ததற்குக் காரணம் இந்தக் குரல்தானா? நீ நன்றாக இருந்த காலத்திலேயே பாடினால் யாரும் உட்கார மாட்டோம். குழறினால் குழறட்டுமே.

சரி, ஊசி விஷயம். அது முடி போல மெல்லியது. ஆஸ்பத்திரி ஊசி மாதிரி கிடையாது. ஒவ்வொரு ஆளுக்கும் புதுப் பாக்கெட் பிரிப்பார்கள். உன் கண் முன்னாலேயே பிரிக்கச் சொல். குத்தும்போது எறும்பு கடித்தது போல இருக்கும். பிறகு அந்த இடம் கனக்கும், லேசாகக் கடுக்கும். இருபது நிமிஷம் ஆடாமல் படுத்திருக்க வேண்டும். தொளதொள சட்டை போட்டுப் போ. எழும்போது மெதுவாக எழு. ஒரு நாளில் கை எழும்பிவிடும் என்று ஆசைப்படாதே, பல தடவை போக வேண்டியிருக்கும். சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது.

நானெல்லாம் ஊசியோடு தூங்கியே போயிருக்கிறேன். காவடிக்கு எப்படித் தயாரானாயோ அப்படியே இதற்கும் தயாராகு. பயம் தானாக ஓடிவிடும்.

என்றும்
மாரிஸ்


கிள்ளான்
18 மார்ச் 2025

அன்பு மாரிஸ்,

நீ நல்லா இருப்பாய். உன் கடிதத்தின் கடைசி வரி என் தலையில் விளக்கு ஏற்றிவிட்டது. இத்தனை நாள் எனக்கு ஏன் தோன்றவில்லை? அன்றைக்கு எனக்குப் பயம் இல்லாததற்குக் காரணமே விரதம்தானே. சுத்தமான உடம்பில் குத்தினால் வலியும் இல்லை, ரத்தமும் இல்லை.

போன வெள்ளியிலிருந்து ஒரு வேளைச் சாப்பாடுதான். தரையில்தான் படுக்கிறேன். காவடி எடுத்த வருஷங்களில் கடைசி வாரம் காய்ச்சல் மாத்திரைகூடத் தொட மாட்டேன், உனக்குத் தெரியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டேன். ரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுத்திருக்கிறார்களே, அதுவும் சேர்த்துத்தான். ரத்தத்தை இளக்கும் மாத்திரையைத் தின்றுவிட்டு ஊசிக்குப் போய்ப் படுத்தால் நிற்காமல் ஓடாதா? என் பெரிய பயமே அதுதான். வாணி கொடுப்பதை வாயில் வாங்கி, அவள் திரும்பியதும் துப்பிவிடுகிறேன். பாவம், நம்பிவிடுகிறாள்.

நேற்று லேசாகத் தலை சுற்றியது. விரதத்தில் அது சகஜம். வெள்ளிக்கிழமை காலை வெறும் வயிற்றோடு போகப் போகிறேன். நீ இல்லாவிட்டால் பயத்திலேயே செத்திருப்பேன்.

உன்
பரமு


கிள்ளான் போகும் ரயிலில்
20 மார்ச் 2025, வியாழன் மதியம்

பரமு,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. படித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். ஒன்பது தடவை அடித்தும் நீ போனை எடுக்கவில்லை. எவலின் வாணிக்கு அடிக்கிறாள், அவளும் எடுக்கவில்லை. பேசக் கூச்சப்பட்டு நீ கதவைத் திறக்காமல் இருந்தாலும் இருப்பாய். அப்படியானால் இதைக் கேட் இடுக்கில் போடுவேன். நின்றபடி எழுதுகிறேன்.

முதலில் அந்த மாத்திரை. இதைப் படித்த கையோடு ஆஸ்பத்திரிக்கு அடி. நிறுத்திவிட்டேன், இத்தனை நாளாகிறது என்று மறைக்காமல் சொல். நீயாக இரண்டு மூன்று சேர்த்து விழுங்கி வைக்காதே. அதைக் கொடுத்ததே உனக்கு இன்னொரு தடவை வராமல் இருக்கத்தானடா.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் ஊசியே போட்டுக்கொண்டதில்லை. போன வருஷம் பிரிக்பீல்ட்ஸ் சின்சே பாக்கெட்டைப் பிரித்தாள். நான் செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே ஓடி வந்துவிட்டேன். எவலினுக்கே தெரியாது. உனக்கு எழுதியதெல்லாம் காத்திருந்தபோது அங்கே கொடுத்த காகிதத்தில் படித்தது. புதிதாக வருபவர்களுக்கு என்று தமிழிலும் போட்டிருந்தார்கள். வெறும் வயிற்றோடு வராதீர்கள், மயக்கம் வரும். சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லுங்கள். டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள். இந்த மூன்றையும் சின்ன விஷயம் என்று நான் விட்டுவிட்டேன். காவடி என்ற ஒரு வரிதான் என் சொந்தச் சரக்கு. அது உன்னை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது பார்.

ஷா ஆலம் தாண்டிவிட்டது. இந்த ரயில் ஏன் இப்படி ஊர்கிறது? மாதாவே, இவன் கேட்டைத் திறந்து என்னை வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும். வேறு எதுவும் கேட்கவில்லை.

மாரிஸ்


ஆஸ்பத்திரி, கிள்ளான்
29 மார்ச் 2025

மாரிஸுக்கு,

இரண்டாவது பக்கவாதத்திலும் வலது கைக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால் எழுதுகிறேன். பேச்சு முன்பைவிட மோசம். நீ தினமும் வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அழுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. வாயால் தடுக்க முடியாததால் இந்தத் தாள்.

அன்றைக்கு நீ கேட்டுக்கு வெளியே நின்று கத்தியது எனக்குக் கேட்டது. நான் சமையலறைத் தரையில் கிடந்தேன். காலையில் வாணி கிளம்பிய பிறகு விழுந்தவன்தான். உன் பெயரைச் சொல்லப் பார்த்தேன், காற்றுதான் வந்தது. போன் மேசையில் அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு நாகையா அண்ணனைக் கூப்பிட்டு நீ பூட்டை உடைக்கும்வரை, வந்தவன் திரும்பிப் போய்விடுவானோ என்று மட்டும்தான் நினைத்தேன். அந்தப் பயம் என் எதிரிக்கும் வேண்டாம்.

மாத்திரையைத் துப்பியவன் நான். அந்தப் பழியை நீ எடுத்துக்கொள்ளாதே. வாணியிடமும் எழுதிக் காட்டிவிட்டேன். அவள் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆனால் உன்மேல் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. ஊரே என்னைத் தைரியசாலி என்று சொன்னது. பயமாக இருக்கிறது என்று நான் வாய்விட்டுச் சொன்னது உன்னிடம் மட்டும்தான். நீயும் தூங்கியே போனேன் என்று எழுதிவிட்டாய். அதைப் படித்ததும் இந்த உலகத்தில் பயப்படுகிறவன் நான் ஒருத்தன்தான் என்று வெட்கப்பட்டு விரதத்தில் உட்கார்ந்தேன். ஓடி வந்தேன் என்று அன்றைக்கே நீ எழுதியிருந்தால், இரண்டு பேரும் சேர்ந்து பயந்திருக்கலாம்.

இங்கே டாக்டரிடம் கேட்டாயிற்று. உடம்பு தேறினால் அடுத்த மாதம் ஊசி பார்க்கலாம், மாத்திரை நிற்கக் கூடாது என்றார். சின்சேயிடமும் வாணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஏப்ரல் 25, வெள்ளி, காலை பத்து மணி. பக்கத்துக் கட்டிலுக்கு முதுகுவலி மாரிஸ் என்று ஒரு பெயரும் கொடுத்திருக்கிறாள். எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு வா.

பரமு