ஒன்றே ஒன்று கேட்டவனுக்கு

ஜெராக்ஸ் மெஷினின் சூட்டு வாசனை இன்று என்னை அப்படியே நிறுத்திவிட்டது. வேலை மாறுவதற்காகச் சான்றிதழ் நகலெடுக்க வலங்கைமான் பிரவுசிங் சென்டருக்குப் போயிருந்தேன். ப்ளஸ் டூ முடித்து, கவுன்சலிங்குக்கு நாம் இருவரும் காலேஜ் பட்டியல் போட்ட அதே கடை. அன்று நீ உட்கார்ந்திருந்த ஓரத்து நாற்காலியில் யாரோ ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நீ இருக்க மாட்டாய் என்று தெரிந்தும் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன்.

பள்ளியில் உனக்கு நான் மாப்ள. எங்கள் வாசலுக்கு வந்தால் மட்டும் "வாங்க, போங்க" என்பாய்.

"ஏன்டா நடிக்கிற?"

"உங்கப்பா காது பக்கத்துல இருக்கு மாப்ள. தெருவைத் தாண்டட்டும், திட்டுறேன்."

தாண்டியதும் சொன்னபடி திட்டுவாய். நான் சிரிப்பேன். உன் அப்பா எங்கள் வயலில் கூலிக்கு இறங்குகிறவர் என்பதை அந்தச் சிரிப்பில் கரைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

பட்டியல் போட்ட அன்று என் சட்டைப்பையில் அறுபது காலேஜ்களின் பெயர் இருந்தது. காலேஜ் ஒன்றில் வேலை பார்க்கும் சித்தப்பா வரிசைபோட்டுக் கொடுத்தது. நீ ஒரே ஒரு காலேஜைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாய்.

"ஒண்ணுதானா?"

"மனுவுல ஒண்ணுதான்டா கேக்கணும். நாலு கேட்டா, இவனுக்கு என்ன வேணும்னே தெரியலன்னு தூக்கிப் போட்டுடுவாங்க. மனைப்பட்டாவுக்கு அலைஞ்சு அப்பா கத்துக்கிட்டது."

இது மனு இல்லை என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. அப்போது தோன்றவில்லை என்று சில வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். உன் மார்க் என்னுடையதைவிட அதிகம். நீயும் அறுபது போட்டால் எனக்கு வர வேண்டியது உனக்குப் போய்விடும் என்று பயந்தேன்.

அந்த ஒரு காலேஜுக்கு உன் மார்க் எட்டவில்லை; உனக்கு எதுவும் கிடைக்கவில்லை. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம் மாப்ள" என்று என் பெட்டியைத் தூக்கிவந்து பஸ் ஏற்றிவிட்டாய். ஐப்பசியில், எங்கள் வயலில் உரம் தெளித்துக்கொண்டிருந்த உன்மேல் இடி விழுந்தது. ஹாஸ்டலிலிருந்து நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"இடி என்ன ஆள் பாத்தா விழுது? விதி" என்றார் அப்பா.

"வானம் இருட்டிக்கிட்டு வரும்போது யார் வயல்ல நிக்கணும், யார் கிளாஸ்ல உக்காரணும்னு இடியா முடிவு பண்ணுச்சுப்பா?"

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். எனக்கும் கேட்க யோக்கியதை இல்லை.

இப்போது யாராவது "சொந்தமா படிச்சு முன்னுக்கு வந்த பையன்" என்று என்னை அறிமுகப்படுத்தினால் உடம்பு கூசுகிறது. படித்தேன்தான். எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான். தப்பாகப் போட்டால் நோட்டைப் பிடுங்கி, "இங்க கொண்டா" என்பாயே, அந்தக் குரலை ஒரு தடவை கேட்டால் போதும் என்றிருக்கிறது.

அன்று ஒரு நொடியில் சொல்லியிருக்கக்கூடியதை இப்போது தனியாக நடக்கும்போது வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன்: "இன்னும் போடுடா. எத்தனை வேணும்னாலும் கேக்கலாம்."