அசையாத குதிரை

அன்புள்ள ஓவியா,

நவம்பர் 5, புதன்கிழமை, மாலை நான்கு பத்து, இதயத் துடிப்பு நிமிடத்துக்கு நூற்று நான்கு. குதிரைக்கு நாற்பதைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவம் படிக்கிற உனக்குத் தெரியும். இங்கே நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், வடக்கே ஹிசார் குளிரில் காதை மூடிக்கொண்டு போகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன். விஷயத்துக்கு வருகிறேன்.

அடி அண்ணாமலை அப்பாதுரையின் வெள்ளைக் குதிரை, கல்யாண ஊர்வலத்துக்கு விடுவாரே அதுதான், தகரத்தில் தொடையைக் கிழித்துக்கொண்டது. போன் வந்ததும் வேங்கிக்கால் கால்நடை மருந்தகத்திலிருந்து கிளம்பினேன், ஆனால் பௌர்ணமிக் கூட்டத்தில் வண்டி நகரவில்லை. அதற்குள் அவருடைய மச்சான் முருகையன், ஏதோ தனியார் ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டரில் உதவியாள், ஊசி போட்டுச் சாய்த்துத் தையலும் ஆரம்பித்துவிட்டான். வாங்க சார், நீங்க வர்றதுக்குள்ள மச்சானே தூங்க வெச்சிட்டாருனு அப்பாதுரைக்கு ஒரே பெருமை. என்ன ஊசி என்றேன். சக்சினைல்கோலின், தியேட்டர்ல இதப் போட்டா ஆளு அப்டியே தொவண்டுடுவாங்க சார்னு சொல்கிறான். அங்கே அதற்கு முன்னால் மயக்க டாக்டர் நரம்பில் வேறொரு ஊசி போட்டுத் தூங்கவைப்பது இவன் கண்ணில் பட்டதே இல்லை. இவன் போட்டது தசையை மட்டும் கட்டிப்போடும், புத்தியையும் வலியையும் தொடாது. குனிந்து பார்த்தேன். திறந்த கண்ணில் ஈ உட்கார்ந்திருக்கிறது, இமைக்க முடியவில்லை, நீர் வழிந்து மண் நனைந்திருக்கிறது. அவன் தையல் ஊசியைக் குத்தக் குத்தத் துடிப்பு எகிறுகிறது. நிறுத்துடா பாவி, அது முழிச்சிருக்கு, வலி எல்லாம் தெரியுதுனு நான் போட்ட கத்தலில் கிரிவலம் போகிறவர்களெல்லாம் நின்றுவிட்டார்கள். அளவு கம்மி, அதனால்தான் மூச்சு நூலாக ஓடியது, ஜாஸ்தி போயிருந்தால் விழித்தபடியே மூச்சு நின்று செத்திருக்கும். சில நிமிடத்தில் தள்ளாடி எழுந்தது. அப்பாதுரை தடவிக்கொடுக்கக் கையை நீட்டினார், பின்வாங்கியது. அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். முருகையன், கத்தவே இல்லியே சார்னு மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்.

காயத்தைக் கட்டி, குதிரை கொஞ்சம் தேறட்டும் என்று விட்டு, மயக்க மருந்து எடுக்கத் திரும்பி வரும்போதுதான் உன் போன் ஞாபகம் வந்தது. முகாம்ல ஒரே ஊசிதான்பா, குதிரை மரம் மாதிரி சாஞ்சுது, நான்தான் தையல் போட்டேன், அசையவே இல்லனு சொன்னாயே. நான் தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டேன். வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். அது என்ன ஊசி ஓவியா? நல்லதாகவே இருக்கலாம். பெயரைக் கேட்டாயா? கண்ணைப் பார்த்தாயா? சீனியர் போட்டார் என்பதைப் பதிலாக எழுதாதே. இனி யார் போட்டாலும் மருந்தின் பெயரைக் கேள், கத்தி எடுக்கும் முன் துடிப்பை எண்ணு. வேளைக்குச் சாப்பிடு. உன் கை எதையும் வதைக்காத கையாக இருக்கட்டும், அதுதான் என் ஆசீர்வாதம்.

இனி நான் செய்யப்போவது:

1. இன்றே அடி அண்ணாமலை போய், உணர்வைத் தணிக்கிற சைலசின் போட்டுத் தலை தொங்கும்வரை காத்திருந்து, பிறகு நிஜமாகவே தூங்கவைக்கிற கெட்டமினும் டயஸெபாமும் நரம்பில் ஏற்றி, மிச்சத் தையலைப் போடுவேன்.
2. முருகையனைத் தலைமாட்டில் உட்காரவைத்து, முழு நேரமும் அந்தக் கண்ணைப் பார்க்கவைப்பேன்.
3. நீ சொல்லும் பெயர் நான் பயப்படுகிற பெயரானால் அடுத்த ரயிலில் ஹிசார் வருவேன். திட்ட அல்ல. நீ தைத்த குதிரையை இரண்டு பேரும் போய்ப் பார்க்க.

அப்பா,
மாறன்