ஆல்டர்டிடம் கொடுத்த துலிப் கிழங்குகள்

ப்ரேசாண்ட்,
ஜூலை, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஹிஸ்கேவுக்கு அம்மா எழுதுவது. நான் சுகம்தான், மழை வந்தால் முழங்கால் மட்டும் முனகுகிறது. நியூசிலாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா என்று எழுது.

பக்கத்து வயல் ஆல்டர்ட் ஏன் நம் வீட்டுக்கு அடிக்கடி வருகிறார் என்று போனில் கேட்டாயே, அன்றைக்கு மழுப்பினேன், இப்போது சொல்கிறேன். உன் அப்பா விதை போட்டு வளர்த்த கருஞ்சிவப்புத் துலிப், ஓரத்தில் வெள்ளை ஓடுமே, அவர் கண்மூடிய பிறகு அதில் மிஞ்சிய கிழங்குகளைத் தொட்டிகளில் நட்டு நிலவறைக் குளிரில் வைத்திருந்தேன். முளை விரல் நீளம் வந்ததும் கூடத்து ஜன்னலுக்குக் கொண்டுவந்தேன். பிப்ரவரியில் பூத்தது, பூத்த அன்றே ஆல்டர்ட் கதவைத் தட்டினார். கண்ணுக்கு எட்டிய தூரம் துலிப் வயல் வைத்திருப்பவருக்கு என் ஜன்னல் தொட்டியில் என்ன வேலை? புது ரகம் என்றால் இந்த ஊரில் யாருக்கும் கை அரிக்கும். அன்று தொடங்கியது என் சந்தேகம்.

ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் பூ சீக்கிரம் கொட்டிவிடும் என்றார். வாடியதும் பூத்தலையை மட்டும் கிள்ளு, பச்சை இலையைத் தொடாதே, கிழங்குக்கு அதுதான் சோறு, மஞ்சளாகும் வரை தண்ணீர் ஊற்று என்றார். அப்பா சொல்வதையே சொன்னதில் எனக்கு இன்னும் எரிச்சல். வீட்டுக்குள் பூத்த கிழங்கு களைத்துப்போயிருக்கும், திரும்பத் தொட்டியில் வைக்காதே, இலையுதிர் காலத்தில் என் வயல் ஓரத்தில் நட்டுத் தருகிறேன், ஓரிரு வருஷத்தில் தேறிவிடும் என்றாரே பார், அப்படியா சேதி என்று நினைத்துக்கொண்டேன். அவர் போன பிறகு ஒவ்வொரு முறையும் மண்ணுக்குள் விரலை விட்டுக் கிழங்கு இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். ஒரு தொட்டியில் இலை துவண்டுவிட்டது. யாரோ கிளறியிருக்கிறார்கள் என்று அவரே கண்டுபிடித்தார். எலியாக இருக்கும் என்றேன். மறுநாள் எலிப்பொறியோடு வந்து நிற்கிறார்.

ஜூனில் இலை காய்ந்ததும் கிழங்குகளை எடுத்து, மண் தட்டி, வெங்காய வலையில் போட்டுக் கொட்டகையில் தொங்கவிட்டேன். போன வாரம் அவர் கொட்டகைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார், பொறுக்க முடியவில்லை. வலையைக் கழற்றி அவர் கையில் திணித்தேன். "இதுக்குத்தானே வர்றீங்க? எடுத்துக்கங்க. இனிமே இந்தப் பக்கம் வரவேண்டாம்" என்றேன். வலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன் அப்பாவின் பூவை நானே தூக்கிக் கொடுத்துவிட்டேனே என்று அழுதேன்.

மறுநாள் காலை கதவு தட்டும் சத்தம். ஆல்டர்ட்தான், சலவைச் சட்டை, வெறுங்கை.

"நேல்ட்யே, கிழங்கு என் கொட்டகையில காத்தாட தொங்குது. நடுறப்போ நீயும் வந்து நடு. இன்னிக்குக் காபி உண்டா?"

உள்ளே வரச் சொல்லிக் காபி போட்டேன். எப்போதும் ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டு டப்பாவை மூடிவிடுவேன், அன்று மூடவில்லை. சந்தேகம் தீர்ந்ததா என்று கேட்காதே. இப்போது சந்தேகம் கிழங்கைப் பற்றி இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

கடவுள் உங்கள் இருவருக்கும் துணை இருக்கட்டும். கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே. போன் பண்ணுவதானால் சாயங்காலம் பண்ணு, காலைக் காபி வேளையில் வேண்டாம்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா நேல்ட்யே